மதுரைல இருந்து கேரவன்ல கெளம்புனா ராத்தங்கலுக்கு மலையா, தோப்பா?

கூடல்நகர் குமரன்:
டிராவலர் வேன கேரவனா மாத்தி, ஆர்சி புக்லயும் ஏத்தியாச்சு. மேல 400 வாட் சோலார், உள்ள முக்கா டன் ஏசி, 12 வோல்ட் 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. சித்திரை லீவுல அம்மா, வீட்டுக்காரி, ரெண்டு பிள்ளைகளோட நாலு நாள் போகணும். சாத்தையாறு டேம் பக்கம் ஒரு மாந்தோப்புல வண்டி நிறுத்த எடம் தர்றேங்கறாங்க, மச்சான் மேகமலைக்குப் போங்கறான். எங்கிட்டுப் போறது?

சின்னமனூர் ராசா:
தம்பி, தோப்பெல்லாம் மார்கழி, தை மாசத்துக்கு. மதுரை 10 டிகிரி அட்சரேகைய ஒட்டி இருக்கு, ஏப்ரல் நடுவுல மத்தியான வெயில் நேரா உச்சந்தலைல எறங்கும், சைடுல எத்தன திரை கட்டுனாலும் அடி வாங்குறது வண்டிக் கூரதான். 40 டிகிரில நாள் பூராம் நின்ன தகரம் ராத்திரி பத்து மணி வரைக்கும் சூட்ட உள்ளாற எறக்கிக்கிட்டே இருக்கும், வயசான அம்மாவ அதுக்குள்ள படுக்க வைக்கப் போறியா? 1000 மீட்டர் ஏறுனா ஆறு டிகிரியாச்சும் கொறையும், மேகமலை அதுக்கும் மேல 1500 மீட்டர். ஏசியவே மறந்துட்டு போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கலாம்.

பாலமேடு தோப்புக்காரன்:
ராசாண்ணே, மேல குளுருது சரி, ராத்திரி வண்டிய எங்க போட்டுப் படுக்கறது? அது 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். சாயங்காலம் செக்போஸ்ட்ட அடைச்சுருவாங்க, ரோட்டோரத்துல வண்டிக்குள்ள தூங்கவும் விடமாட்டாங்க. அங்க தங்குனா ரூம்தான், அப்பறம் கேரவன் எதுக்கு? கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கணும், லீவு நாள்ல அந்த ரோட்டுல நகர்றதே பாடு.

நல்ல மாமர நெழல் வேற ரகம். அடர்த்தியா, தாழ்வா இருக்கும், கூரைல வெயிலே படாது. தென்னந்தோப்புல மட்டும் நிறுத்திராதீங்க, நெழலும் பத்தாது, மட்டையோ காயோ விழுந்தா கூர போச்சு. தோப்புக்கு அங்கிட்டு கம்மா இருந்து அதுல தண்ணியும் கெடந்தா அங்கிட்டு இருந்து காத்து அடிக்கும்போது குளுகுளுன்னு இருக்கும். பிள்ளைக பம்புசெட்டு தொட்டில விழுந்து கெடக்குற சொகத்த எந்த மலை குடுக்கும்?

திருநகர் மீனா:
ரெண்டு பேரும் வெயிலயே பேசிக்கிட்டு இருக்கீங்களே, கக்கூஸப் பத்தி யாராச்சும் பேசுனீங்களா? வண்டிக்குள்ள வைக்கிற டாய்லெட் பெட்டி 20 லிட்டர் சுமாருக்குத்தான் பிடிக்கும், அஞ்சு பேருக்கு ரெண்டு நாள் தாங்குனா பெருசு. அப்பறம் அத எங்க கொட்டுவீங்க? ஓடைலயும் வரப்புலயும் கொட்டிட்டுப் போறவங்கள நான் பாத்துருக்கேன், அந்த ஓடைதான் கீழ ஊருக்கு ஊத்துத் தண்ணி. செப்டிக் டேங்க் இருக்கா, அதுல ஊத்த விடுவாங்களா, பாத்ரூமுக்குத் தாப்பா இருக்கா, ராத்திரி லைட்டு இருக்கா, வண்டில இருந்து எத்தன அடி தள்ளி இருக்கு, இத விசாரிக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஒரு எடத்துல பாத்ரூம் கிணத்துமேட்டுக்கு அங்கிட்டு இருந்துச்சு, ராத்திரி நடக்கப் பயந்து எங்க அத்தை சாயங்காலத்துல இருந்தே தண்ணி குடிக்கல. 40 டிகிரி வெயில்ல தண்ணி குடிக்காம கெடந்தா என்னாகும்?

பைபாஸ் எலக்ட்ரீசியன்:
மீனாக்கா சொன்னதுக்கு அடுத்து கரண்டு. உங்க ஏசி ஓடும்போது 750 வாட் இழுக்கும்னு வச்சுக்கங்க, பேட்டரில இருக்கறது ரெண்டரை யூனிட், மூணு மணி நேரத்துக்கு மேல வராது. இன்வெர்ட்டர் ஏசின்னா இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், ஆனா விடியிற வரைக்கும் ஓடாது. சோலார் நல்ல வெயில்ல நாளைக்கு ரெண்டு யூனிட்டுக்குள்ளதான் தரும், மாமரத்தடில நிறுத்துனா அதுவும் கெடையாது. நெழலும் வேணும் சோலாரும் வேணும்னா நடக்காது, சித்திரைல நெழலத்தான் பிடிக்கணும், அப்ப வெளிய இருந்து லைன் வேணும்.

அந்த லைன் எங்கருந்து வருதுன்னு பாருங்க. பம்புசெட்டுக்கு இலவசமா வர்ற விவசாய கரண்டுல கேரவனுக்கு எடுத்துக் குடுத்தா மின்வாரியத்துல பிடிச்சு அபராதம் போடுவாங்க, தனி சர்வீஸ் இருக்கணும். 15 ஆம்பியர் பாயிண்ட், ஒழுங்கான எர்த், கையில ஒரு ஸ்டெபிலைசர், ஏன்னா தோப்புப் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் கீழ எறங்கிரும், கம்ப்ரசர் தாங்காது. ஒயரு 2.5 ஸ்கொயர் எம்எம், அதையும் சுருட்டி வச்சு லோடு ஏத்தாதீங்க, முழுசா அவுத்து விடுங்க, சுருள்ல சூடேறி உருகிரும்.

சின்னமனூர் ராசா:
பாத்தீங்களா, தோப்புக்கு எம்புட்டு வேல! சரி, மேகமலைல ராத்திரி வண்டிய நிறுத்த முடியாதுன்னு தம்பி சொன்னத ஒத்துக்கறேன். வாகமண் போங்க. கேரளாவுல 2021லயே கேரவன் டூரிசத்துக்குன்னு கொள்கை போட்டு, அடுத்த வருசம் மொதல் கேரவன் பார்க்கு அங்கதான் தொறந்தாங்க. 1000 மீட்டருக்கு மேல. குமுளி வழியா காலைல கெளம்புனா வெளிச்சத்துலயே போயிரலாம். கேரவனுக்குன்னே போட்ட எடத்துல நிறுத்துறதும் தோப்புக்காரர்கிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டு வாங்குறதும் ஒண்ணா?

பாலமேடு தோப்புக்காரன்:
நாலு நாள்ல ரெண்டு நாள் ரோட்டுலயே போயிருமேண்ணே! தண்ணி டேங்க் ரொப்புனாலே 100 கிலோ, அதையும் அஞ்சு பேரையும் ஏத்திக்கிட்டு வளைவு வளைவா ஏறி எறங்கணும், வீட்டுல வாந்தி எடுக்கற பிள்ள இருக்கான்னு கேட்டீங்களா? போற எடம்தான் முக்கியம்னு இருக்கறவங்களுக்கு மலை. அடுப்ப மூட்டி நாலு பேரு கூடி உக்காந்து சாப்பிடணும்னா வீட்டுல இருந்து ஒரு மணி நேரத்துல தோப்புக்கு வந்து சேந்துரலாம்.

திருநகர் மீனா:
அடுப்புன்னு சொன்னீங்க, அதையும் பேசிருவோம். 2023 ஆகஸ்ட்ல நம்ம மதுரை யார்டுல நின்ன சுற்றுலா ரயில் பெட்டில கள்ளத்தனமா கொண்டு வந்த சிலிண்டரால தீப்பிடிச்சு 9 பேரு செத்தது நம்ம ஊருக்கே தெரியும். வேன் அதவிட இடுக்கு, கதவும் ஒண்ணுதான். சமையல் வெளியதான், சிலிண்டரும் வெளியதான். தோப்புலயும் காஞ்ச சருகக் கூட்டித் தள்ளிட்டுப் பத்த வைங்க. மலைக்குப் போனா நெருப்பே வேணாம், 2018 மார்ச்ல குரங்கணில காட்டுத்தீல 20 பேருக்கு மேல போனாங்க, கோடைல அந்தப் புல்லெல்லாம் அப்படித்தான் காஞ்சு கெடக்கும்.

கூடல்நகர் குமரன்:
அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் உக்கார முடியாது. அதனால வாகமண் இப்ப வேணாம் ராசாண்ணே, தோப்புன்னே வச்சுக்கறேன். போன்ல கேட்டேன், செப்டிக் டேங்க் இருக்காம், தனி சர்வீஸான்னு கேட்டதுக்கு மட்டும் பதில் மழுப்பலா வருது.

பைபாஸ் எலக்ட்ரீசியன்:
மழுப்புனா பம்புசெட்டு லைன்தான். கரண்டு பில்லு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, அனுப்பலேன்னா வேற தோப்பு பாருங்க.

பாலமேடு தோப்புக்காரன்:
அது சரிதான், அதுல நான் அவங்களுக்குப் பரிஞ்சு பேச மாட்டேன். இன்னொண்ணு, மாமரம்னா முசுறு எறும்பு இருக்கும், கிள தொட்டாலும் ஒயரு தொட்டாலும் அதப் பிடிச்சே வண்டிக்குள்ள வந்துரும், கடிச்சா பிள்ளைக துடிச்சுப் போகும். கூரைக்கும் கிளைக்கும் நடுவுல எடம் விட்டு நிறுத்துங்க, ஒயரு தரையத் தொடுற எடத்துல எறும்புப் பொடி போடுங்க.

சின்னமனூர் ராசா:
முசுறு, வோல்டேஜ், புழுக்கம், எல்லாத்தையும் சமாளிச்சு அங்கதான் போவேன்னா போயிட்டு வா தம்பி. ஆனா அக்னி நட்சத்திரம் மே 4 வாக்குல ஆரம்பிச்சுரும், போறதா இருந்தா அதுக்கு முன்னாடியே போயிரு.

திருநகர் மீனா:
குமரா, பகல்ல போய்ப் பாத்தா பத்தாது. ராத்திரி ஏழு மணிக்கு உங்க வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு ஒரு எட்டுப் போயி, வண்டி நிக்கிற எடத்துல இருந்து பாத்ரூம் வரைக்கும் அவள நடந்து பாக்கச் சொல்லு. அவ சரின்னா அட்வான்ஸ் குடு.