மறுமொழி: லொபியிங்குக்கு 'தரகு' வேணாம், 'அணுக்கம்' எப்படி?

> 'கொள்கைத் தரகு'ன்னே வச்சிருவோம், எல்லாருக்கும் பட்டுன்னு விளங்கும்.

அண்ணே, தப்பா இல்ல விளங்கும்! லொபியிங்னா சட்டம், கொள்கை பத்தி முடிவெடுக்கிறவங்களை நேரா அணுகி தமக்குச் சாதகமா பேசுறது, அதுக்குத்தானே தமிழ்ச்சொல் தேடுறோம். தரகுன்னா கமிஷன், கமிஷன்னா லஞ்சம்னு வாசிக்கிறவங்க முடிவு கட்டிருவாங்க. லொபி பண்றவர் பெரும்பாலும் கணக்கோடயும் அறிக்கையோடயும்தான் போறார். கிளைபோசேட்ங்கிற களைக்கொல்லியையே எடுங்க, இலங்கையில 2015ல தடை போட்டாங்க, களை எடுக்க ஆள் இல்ல, செலவு கூடுது, பதிலுக்கு அடிச்ச களைக்கொல்லியால ஜப்பான் சந்தையில தேயிலைக்குப் பிரச்சினைன்னு தோட்டக் கம்பெனிகள் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, 2018ல தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீங்கிச்சு. இதுல தரகர் எங்க?

ஸ்கூல்ல படிச்ச 'அமுக்கக் குழு'வும் (pressure group) பத்தாது. நம்ம ஆளுங்க கொழுந்து பறிக்காம ரோட்டுல உக்காந்தா அதுவும் அமுக்கம்தான், ஊரே பாக்குது. தோட்டத் துரைமார் 1854ல கண்டியில சங்கம் வச்சதுலேருந்து ரோடு, ரயில், தொழிலாளர் சட்டம்னு அரசாங்கத்துக்கிட்ட நேராவே பேசி வந்தவங்க, பிறகு சட்டம் செய்ற சட்டநிரூபண சபையிலயும் அவங்க ஆள் இருந்தார் (1867ல கண்டிக்கு ரயில் வந்ததே கோப்பிய இறக்கத்தானே). முடிவெடுக்கிறவர் பக்கத்துல போய் உக்கார முடியுது பாருங்க, சொல்லு அதைப் பிடிக்கணும்.

அதான் 'அணுக்கம்'. தஞ்சைப் பெரிய கோயில்ல 'அணுக்கன் திருவாயில்'னு இருக்கு, ராஜாவுக்கு நெருங்கினவங்க நுழைஞ்ச வாசல்னு சொல்வாங்க. செய்றவர் அணுக்கர், கூட்டமா இருந்தா அணுக்கக் குழு. அமெரிக்காவுல 1995 சட்டப்படி இவங்க பதிஞ்சு, யாருக்காக வேலை செய்றாங்கன்னு அறிக்கை குடுக்கணும், அங்க 'பதிவுபெற்ற அணுக்கர்'னு எழுதலாம், 'பதிவுபெற்ற தரகர்'னா காணி விக்கிற ஆளு மாதிரி இருக்கு.

கோர்ட்டுக்குப் போறதை இதுல சேர்க்காதீங்க. 2024ல தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு 1700 ரூபா சம்பளம்னு வந்த வர்த்தமானிக்கு (அரசிதழ் அறிவிப்பு) எதிரா கம்பெனிகள் உயர் நீதிமன்றம் போனது வழக்கு. பிறகு சம்பள நிர்ணய சபையில 1350க்கு வந்து நின்னுச்சே, அங்க முதலாளி, தொழிற்சங்கம், அரசுன்னு எல்லாரும் சட்டப்படி உக்காருறாங்க, அது பேச்சுவார்த்தை. சபைக்கு வெளிய அமைச்சரையோ அதிகாரியையோ பிடிச்சுக் கதைச்சா மட்டும் அணுக்கம்.

இதுக்கு இன்னொருத்தர் மறுமொழி:

> செய்றவர் அணுக்கர்

தங்கச்சி, நான் சயன்ஸ் வாத்தியார், இதுக்கு மட்டும் ஒத்துக்கமாட்டேன். வாய்ல வர்றப்ப அது 'அணுக்கரு' ஆயிரும், புள்ளைங்க நியூட்ரோனைத் தேடுவாங்க. அணுக்கம் இருக்கட்டும், ஆளை 'அணுக்கத்தார்'னு மாத்துங்க, என் ஓட்டு உங்களுக்குத்தான்.