எல்இடி ‘டிரைவர்’: தமிழில் என்ன எழுதலாம்?

மண்டபத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். மின்பணியாளர் பயிற்சி வகுப்புக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த 12 வோல்ட் ஹேலஜனைக் கழற்றிவிட்டு எல்இடி போடுவது பற்றியது.

பிள்ளைகள் பல்பை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். மேலே கிடக்கும், 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் எலெக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மரில் ‘20–60 வாட்’ என்று போட்டிருக்கும். 50 வாட் ஹேலஜன் இருந்த இடத்தில் 5 வாட் எல்இடி வந்தால் அந்தக் கீழெல்லையைத் தொடாது. விளக்கு வெட்டி வெட்டி எரியும், சில சமயம் எரியவே எரியாது. அதை எடுத்துவிட்டு, எல்இடிக்கு ஏற்ற மின்சாரம் தரும் டிரைவர் போடுங்கள் என்றால், “ரெண்டும் சோக்குதானே சார்” என்கிறார்கள். தனிச்சொல் இருந்தால் வேறு பொருள் என்பது மனதில் நிற்கும். என்ன எழுதலாம்?

தொண்டியிலிருந்து:
இயக்கி. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை, கடைசியில் வினைமுதற்பொருளில், அதாவது ‘செய்வது’ என்ற பொருளில், வரும் இகரம். வள்ளுவர் சினத்தைச் சேர்ந்தாரைக்கொல்லி என்றாரே, அதே இகரம். கணினிக்காரர்களும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். விவாதிக்க ஒன்றுமில்லை.

ராமேசுவரத்திலிருந்து:
தம்பி, கணினிக்காரர்கள் வைத்திருப்பதுதான் குற்றம். மென்பொருளும் இயக்கி, விசையும் இயக்கி, இப்போது கூரைக்குள் கிடக்கும் பெட்டியும் இயக்கியா? நான் ‘நீகான்’ என்பேன். அகநானூறு 255இல் வங்கத்தை, அதாவது கப்பலை, செலுத்துகிறவன் நீகான். மாடத்தில் எரியும் விளக்கை அடையாளம் பார்த்துத்தான் அவன் வழி அறிகிறான். செலுத்துகிறவனும் விளக்கும் ஒரே பாட்டில்! மீகான், மீகாமன் எல்லாம் இதன் உறவுதான். நம் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

தொண்டியிலிருந்து:
ஐயா, அந்தப் பாட்டில் விளக்கு நீகானை நடத்துகிறது. இங்கே நீகான் விளக்கை நடத்த வேண்டும். தலைகீழ்.

ராமேசுவரத்திலிருந்து:
சரி, நீகான் கடினம் என்றால் மாலுமி. சுக்கான் பிடிக்கிறவன். கடற்கரைப் பிள்ளைக்கு அகராதி வேண்டாத தூய தமிழ்.

கீழக்கரையிலிருந்து:
ஐயா கோபிக்கக் கூடாது. மாலுமி, அரபியில் முஅல்லிம். எங்கள் ஊரில் ஓதிக்கொடுக்கிறவருக்கும் அதே சொல்தான். சுக்கானும் அரபிதான். மரக்கலத்தோடு வந்து நம் நாக்கில் இறங்கி, நம் சொல்லாகவே ஆகிவிட்டவை. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் தூய்மைக்காக டிரைவரை இறக்கிவிட்டு முஅல்லிமை ஏற்றுவது என்ன கணக்கு?

தூய்மை பார்ப்பவர்கள் ஹேலஜனை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? உப்பீனி என்ற சொல் இருக்கிறதே.

ராமேசுவரத்திலிருந்து:
முஅல்லிம் பற்றி யோசிக்க வேண்டும். உப்பீனி அருமையான சொல். கிரேக்க மூலத்திலும் உப்பை உண்டாக்குவது என்றுதான் பொருள். ஈன் என்ற வினையைக் கருவிக்கும் பொருளுக்கும் நாம் இன்னும் துணிந்து ஆள வேண்டும். ஒளியீனி என்று எல்இடிக்கே வைக்கலாம். வாலிநோக்கத்து உப்பளம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உப்பீனி புரியாதா?

தொண்டியிலிருந்து:
விளக்குக்குள் உப்பு எங்கே என்று கேட்பான். உள்ளே இருப்பது துளி அயோடின் அல்லது புரோமின். ஆவியான டங்ஸ்டனை இழைக்கே திருப்பிக் கொண்டுவருவது அதன் வேலை. இதையெல்லாம் விளக்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

வாலிநோக்கத்திலிருந்து:
நான் வயரிங் வேலை பார்க்கிறவன், இலக்கணம் தெரியாது. ஆனால் நீங்கள் எல்லாரும் பெயர் வைப்பது எதற்கு என்று புரியவில்லை. இந்த 12 வோல்ட் இடத்தில் போடும் எம்ஆர்16 வகை எல்இடி பல்புக்கு டிரைவர் பல்புக்குள்ளேயே இருக்கிறது. வருகிற 12 வோல்ட்டை வாங்கி, எல்இடிக்கு வேண்டிய மின்னோட்டத்தைச் சீராகக் கொடுப்பது அதுதான். கூரைக்கு மேல் வைக்கும் பெட்டி 230 வோல்ட்டை 12 வோல்ட் நேர்மின்சாரமாக்கித் தருகிறது, அவ்வளவே. கடையில் இரண்டுக்கும் டிரைவர் என்றே பெயர், குழப்பம் அங்கேதான். ஹோல்டரை மாற்றி, 230 வோல்ட்டுக்குத் தகுந்த வயர் இழுத்து, நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் ஜியு10 வகை பல்பு போட்டால் பெட்டியும் வேண்டாம், கலைச்சொல்லும் வேண்டாம். எப்படியும் நம் பக்கம் உப்புக்காற்றில் பழைய ஹோல்டர் பச்சைக் களிம்பு பிடித்துத்தான் கிடக்கும். பல்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதையும் கையேட்டில் எழுதுங்கள் சார்.

மண்டபத்திலிருந்து:
நன்றி தம்பி, இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பல்புக்குள் இருப்பது இயக்கி, மேலே இருப்பது 12 வோல்ட் மின்வழங்கி. இரண்டையும் முதல்முறை எழுதும்போது, கடையில் டிரைவர் என்று கேட்கவும் என்று பக்கத்தில் போடுகிறேன். ஹேலஜன் ஹேலஜனாகவே இருக்கட்டும். களிம்புக்குத் தனிப் பத்தி உண்டு.

தொண்டியிலிருந்து:
வழங்கி என்றால் கணினியில் சர்வர். பரவாயில்லை, மின் என்று முன்னொட்டு இருக்கிறது. எனக்குச் சம்மதம்.

ராமேசுவரத்திலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நீகானை அடுத்த பதிப்பில் மறுபடி எழுப்புவேன்.

கீழக்கரையிலிருந்து:
எழுப்புங்கள் ஐயா. அதற்குமுன் ஒன்று: விளக்கு வெட்டி வெட்டி எரிவதற்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்? வரைவில் ‘மினுக்கம்’ என்று பார்த்தேன். மினுக்கினால் பாத்திரம் அல்லவா பளபளக்கும்? சிமிட்டல் சரியாக வருமா?