பெங்களூரு மால் கடையும் மூடியாச்சு, இனி மங்காவைப் புரட்டிப் பார்த்து வாங்க எங்கே போவது?

காவேரிப்பட்டினம் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காவேரிப்பட்டினம், வேலை ஓசூர் சிப்காட்டில். பள்ளிக்கூட நாளிலேயே அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) பார்க்க ஆரம்பித்து அப்படியே மங்காவுக்கு (ஜப்பானிய காமிக்ஸ்) வந்து சேர்ந்த கும்பலில் நானும் ஒருத்தன். சம்பளம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு பஸ் ஏறி, ஒரு மாலில் இருந்த பெரிய செயின் புத்தகக் கடைக்குப் போவதுதான் என் பொழுதுபோக்கு. பெயர் வேண்டாம், போனவர்களுக்குத் தெரியும். கலரிங் புத்தகங்களுக்குப் பக்கத்தில் மங்காவை அடுக்கியிருப்பார்கள் (படம் இருந்தால் குழந்தைப் புத்தகம் என்று நினைப்பு, அட்டையில் ரத்தம் தெறிப்பதைப் பார்த்தும் உறைக்கவில்லை போல). தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெண்டு மூணு வால்யூம் படித்துவிட்டு, பிடித்ததில் ஒன்றை பில் போட்டுக்கொண்டு வருவேன். யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை.

கொஞ்ச நாளாகவே அலமாரி சுருங்கிக்கொண்டு வந்தது. முதலில் வரிசையில் ஓட்டை விழுந்தது. 1, 2, 5, 9 என்று இருக்கும், நடுவில் உள்ளதைக் கேட்டால் "ஆர்டர் போட்டிருக்கு சார்" என்பார்கள். அப்புறம் அந்த இடத்துக்கு வாட்டர் பாட்டிலும் ஸ்கூல் பையும் வந்தன. இப்போது கடையே இல்லை, அங்கே செருப்புக் கடை வரப்போகிறதாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிறவர்கள் மங்காவைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க எங்கே போகிறீர்கள்? ஆன்லைனில் கிடைக்கும், தெரியும், ஆனால் பேர் மட்டும் கேள்விப்பட்ட தொடருக்கு 400, 500 ரூபாய் போட்டு முதல் வால்யூம் வாங்க மனசு வரவில்லை. இன்னொன்று, ரூம்மேட் ஒருத்தன் "நீங்க எல்லாம் போனில் திருட்டு ஸ்கேன் படித்தும் கடையில் ஓசியில் படித்தும்தான் கடையை மூட வைத்தீர்கள்" என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

தகடூர் வாசகி:

ரூம்மேட்டிடம் பார்டர்ஸ் கதையைச் சொல்லுங்கள் தம்பி. அமெரிக்காவில் மங்காவை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்த செயின் புத்தகக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு, அங்கேயும் பள்ளிப் பிள்ளைகள் அலமாரிக்கு நடுவில் வழியை மறித்து உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அப்படிப் படித்ததுகளே வீட்டில் நச்சரித்து வாங்கவும் செய்தன. கடை படுத்ததற்குக் காரணம் வேறு. 2001-லிருந்து 2008 வரை தன் இணைய விற்பனையையே அமேசானிடம் ஒப்படைத்து வைத்திருந்தது பார்டர்ஸ். எதிராளி கையில் கல்லாவைக் கொடுத்துவிட்டு, பெரிய பெரிய இடங்களுக்கு நீண்டகால வாடகை ஒப்பந்தமும் போட்டுக்கொண்டு, சிடி, டிவிடி விற்பனை போனதையும் தாங்க முடியாமல் 2011 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. ஜூலையில் மிச்சமிருந்த 399 கடைகளையும் விற்றுத் தீர்த்துவிடுவது என்று முடிவாகி, செப்டம்பருக்குள் எல்லாம் காலி. டோக்கியோபாப் என்ற மங்கா பதிப்பகம் தன் அமெரிக்கப் பதிப்பு வேலையை அந்த மே மாதமே மூடிவிட்டது, பார்டர்ஸிடமிருந்து வரவேண்டிய பணம் சிக்கிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். ஆக, கடையை மங்கா வாசகன் சாய்க்கவில்லை, கடை சாய்ந்ததில் மங்காவுக்குத்தான் அடி.

நம் பக்கத்திலும் அதே மாதிரிதான். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1987-ல் ஆரம்பித்த லேண்ட்மார்க் புத்தகக் கடையில் பெரும்பங்கை 2005-ல் டாடா குழுமத்து ட்ரெண்ட் வாங்கியது. பிற்பாடு பொம்மையும் பரிசுப் பொருளும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, புத்தகம் மூலைக்குப் போய், கடைசியில் அந்தக் கடையே இல்லாமல் போனது. மால் வாடகையைச் சதுர அடிக் கணக்கில் கொடுக்கிறவனுக்கு ஒரு வாட்டர் பாட்டிலில் நிற்கிற லாபம் புத்தகத்தில் நிற்காது. புத்தகத்துக்கு விலை அட்டையிலேயே அச்சாகி வருகிறது, ஏற்றி விற்க முடியாது, ஆன்லைன்காரன் அதிலும் தள்ளுபடி கொடுக்கிறான்.

ஆனால் வாசகர் குறைந்துவிட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கொரோனா காலத்துக்குப் பிறகு அமெரிக்காவில் மங்கா விற்பனை எகிறியது, பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற செயின் புத்தகக் கடைகளில் மங்கா அலமாரிகள் கூடின. அங்கே 2019-ல் தலைமைப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் டான்ட் எந்தப் புத்தகத்தை வைப்பது என்பதை அந்தந்தக் கடைக்காரர் முடிவுக்கே விட்டார், இப்போது புதுக்கடைகள் திறக்கிறார்கள். கலரிங் புத்தகத்துக்குப் பக்கத்தில் மங்காவை வைக்கிற கடையில் அந்த முடிவை யார் எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சத்தியமாக அந்த ஃப்ளோரில் நின்ற பையன் இல்லை.

மாங்கா மண்டி:

வாசகி அக்கா காரணத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் வழி சொல்கிறேன். மால் கடையை விடுங்க ப்ரோ, பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் போங்க. பிளாசம், புக்வோர்ம் புத்தகக் கடைகள் ரெண்டும் அங்கேதான். இப்போது போவதும் சுலபம், 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ வந்துவிட்டதால் ஓசூரிலிருந்து வருகிறவர்கள் பொம்மசந்திராவிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடலாம். ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கும் மெஜஸ்டிக்கில் ஊதா லைனுக்கும் மாறி எம்.ஜி. ரோட்டில் இறங்கினால் அப்படியே நடந்துவிடும் தூரம். சில்க் போர்டு டிராஃபிக்கில் பஸ்ஸுக்குள் வேகவேண்டிய அவசியம் இல்லை. கிருஷ்ணகிரியில் ரயில் இல்லை என்று நாம் புலம்பிய புலம்பலுக்கு ஓசூர் தாண்டியாவது ஒன்று கிடைத்ததே.

அங்கே பழைய புத்தகமும் வரும், புதுசும் இருக்கும். பழசில் வரிசையாகக் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், ஏழாவது இருக்கும், எட்டாவது இருக்காது.

ஒரு முக்கியமான விஷயம். நடைபாதையிலும் சில ஆன்லைன் விற்பனையாளர்களிடமும் 150, 200 ரூபாய்க்கு வருவது பெரும்பாலும் திருட்டு அச்சு. எனக்கும் ஒரு தளத்தில் அப்படி ஒன்று வந்து, திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கையில் எடுத்ததும் நடுவில் விரித்துப் பாருங்கள். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த சண்டைக் காட்சி இருக்குமே, அதில் நடுக்கோட்டுப் பக்கம் முகமே பசைக்குள் போயிருந்தால் சந்தேகப்படலாம். அடுத்து நிழல். மங்காவில் சாம்பல் நிறம் என்று தெரிவது சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள்தான், நல்ல அச்சில் கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஸ்கேன் பண்ணி அடித்ததில் அது அப்பிப்போய் அழுக்காக இருக்கும், இல்லாவிட்டால் அலை அலையாக ஒரு கோலம் விழுந்திருக்கும். இதை எல்லாம் போன் திரையில் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிற இடம் வேண்டும்.

அதியமான்கோட்டை:

எல்லாம் சரி, கணக்கைப் பாருங்கள். டீமன் ஸ்லேயர் தொடர் 23 வால்யூம். ஒரு வால்யூம் 400 ரூபாய் என்றாலே ஒன்பதாயிரத்தைத் தாண்டுகிறது. ஒன் பீஸ் 1997-லிருந்து ஓடுகிறது, 110 வால்யூமைத் தாண்டியும் முடியவில்லை. தர்மபுரியில் காலேஜ் படிக்கிற பையன் எந்தக் காசில் வாங்குவான்? 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் படம் தமிழிலும் வந்தது, பார்த்தவர்கள் எத்தனையோ பேர், அதில் புத்தகமாகத் தொட்டுப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்கேன் படிக்கிறான் என்று திட்டுவதற்கு முன்னால் ஜப்பான் பதிப்பகமான ஷூயிஷாவே 2019-ல் ஆரம்பித்த மங்கா ப்ளஸ் செயலியைச் சொல்லிக்கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற தொடர்களின் முதல் மூன்று அத்தியாயமும் கடைசி மூன்று அத்தியாயமும் இலவசம். தெரியாத தொடரை ருசி பார்க்க அது போதும், பதிப்பகமே கொடுப்பதால் குற்ற உணர்ச்சியும் கிடையாது.

அப்புறம் செயின் கடை போச்சே என்று ஒப்பாரி வைப்பது எனக்குப் புரியவில்லை. நம்ம ஊர்ப் பக்கம் அது எப்போது இருந்தது? முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியில் ஆரம்பித்தது, 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. என் மாமாவெல்லாம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் வாங்கியவர். பெட்டிக்கடை வியாபாரம் படுத்ததும் அவர்கள் சந்தா, கூரியர், புத்தகத் திருவிழா ஸ்டால் என்று மாறிக்கொண்டார்கள், இன்றைக்கும் வருகிறது. எந்த மால் கடையையும் நம்பவில்லை.

அதே வழியில் யோசியுங்கள். தர்மபுரியிலும் ஓசூரிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. பாதி ஸ்டால் டிஎன்பிஎஸ்சி கைடும் சமையல் புத்தகமும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆங்கிலப் புத்தகம் கொண்டுவருகிற ஸ்டால்காரர்களிடம் முதல் நாளே நாலு பேர் சேர்ந்து போய் "மங்கா இருக்கா" என்று கேட்டால் அடுத்த வருடம் ஒரு பெட்டியாவது வரும். அவர்களுக்கு வேண்டியது கேட்கிற ஆள். இன்னொன்று நூலகம். வீட்டு வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம், 1948 சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது. மாவட்ட மைய நூலகத்தில் போய் எழுதிக் கொடுங்கள். நூறு வால்யூம் தொடரைக் கேட்காதீர்கள், பன்னிரண்டு வால்யூமில் முடிகிற டெத் நோட் மாதிரி ஒன்றைக் கேளுங்கள்.

தகடூர் வாசகி:

அதியமான்கோட்டை சொல்வதில் ஒன்று இடிக்கிறது. சந்தா கட்டுகிறவன் ஏற்கெனவே ரசிகன், புதுசாக ஒருத்தன் எப்படி வருவான்? உங்கள் மாமா பெட்டிக்கடையில் தொங்கியதைப் பார்த்துத்தானே வாங்கினார்? செயலியில் தேடுகிறவனுக்குத் தெரிந்த பேர்தான் கண்ணில் படும். ஒரு கேம் வாங்கப் போனவன் பக்கத்து அலமாரியைப் பார்த்து மாட்டிக்கொள்கிற வேலையை மால் கடைதான் செய்தது. நூலகம் நல்ல யோசனை. ஆனால் பூட்டிய பீரோவில் வைத்துவிட்டால் அதுவும் வீண், திறந்த அலமாரியில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

காவேரிப்பட்டினம் பையன்:

எல்லோருக்கும் நன்றி. ரூம்மேட்டுக்கு பார்டர்ஸ் கதையை அனுப்பினேன், "இருந்தாலும் நீ ஓசியில்தானே படித்தாய்" என்கிறான், அவனைத் திருத்த முடியாது. நூலக மனுவை நான் எழுதுகிறேன், அதியமான்கோட்டை அண்ணா, தர்மபுரிக்கு நீங்கள் ஒன்று கொடுங்கள், கிருஷ்ணகிரிக்கு நான் கொடுக்கிறேன். டெத் நோட்டோடு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டையும் சேர்க்கலாமா, அது 27 வால்யூம், அதிகமாகப் படுமா?

மாங்கா மண்டி:

27 கேட்டால் மூணு வரும், அதுவும் நடுவிலிருந்து. முதலில் 12 கேளுங்க. அடுத்த ஞாயிறு நான் சர்ச் ஸ்ட்ரீட் போகிறேன், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் காலையில் ஏறுவேன், வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்க. வின்லேண்ட் சாகா ரெண்டாவது வால்யூம் யாரிடமாவது எக்ஸ்ட்ரா இருந்தால் மூணாவதுக்கு மாற்றிக்கொள்ளத் தயார்.