எல்டிஎல் குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் "மோசம்" என்கிறார். ரிப்போர்ட் புரியவில்லை

கோவைக்காரன்41
வணக்கம். வயது 41, சிகரெட் பழக்கம் கிடையாது. கம்பெனி வருடாந்திர செக்கப்பில் வந்த லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை):

போன வருடம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 206, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 38, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 190, எல்டிஎல் 130
இந்த வருடம்: 214, 34, 390, 102 (அதே வரிசை)

எல்டிஎல்தானே கெட்ட கொலஸ்ட்ரால்? அது 28 குறைந்திருக்கிறது. பாமாயிலை விட்டு, 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பாக்கெட்டில் போட்ட எண்ணெய்க்கு மாறியதன் பலன் என்று சந்தோஷப்பட்டேன். டாக்டரோ "போன வருடத்தைவிட மோசம்" என்றார். பின்னால் வரிசை நின்றதால் மேலே கேட்க முடியவில்லை. ஆன்லைன் கால்குலேட்டரில் போட்டால் அடுத்த 10 வருடத்தில் இதய நோய் வரும் ரிஸ்க் ரொம்பக் குறைவு என்று காட்டுகிறது. யாரை நம்புவது?

சோதனைக்குழாய்
டாக்டரை நம்புங்கள் சார். நான் லேபில் வேலை பார்ப்பவன். உங்கள் எல்டிஎல்லை யாரும் அளக்கவில்லை, கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம்: மொத்தத்தில் ஹெச்டிஎல்லைக் கழி, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. போட்டுப் பாருங்கள்: 214 − 34 − 78 = 102. அச்சாக அதே எண்.

ட்ரைகிளிசரைடு ஏற ஏற, கழிபடுவதும் கூடும், எல்டிஎல் இறங்கினாற்போல் தெரியும். 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தையே பயன்படுத்தக் கூடாது. நீங்கள் 390, விளிம்பில் நிற்கிறீர்கள்.

அதனால் மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள். இதற்கு நான்-ஹெச்டிஎல் என்று பெயர். ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லா வகையும் இதற்குள் அடக்கம். போன வருடம் 168. இந்த வருடம் 180. குறையவில்லை, 12 கூடியிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன்: ரத்தம் கொடுத்ததற்கு முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள்?

கோவைக்காரன்41
மாட்டிக்கொண்டேன். மச்சான் ரிசப்ஷன். இரண்டு பெக், 11 மணிக்கு மட்டன் பிரியாணி. காலை 7:30-க்கு ஊசி.

சோதனைக்குழாய்
அப்படியென்றால் அந்த 390-இல் கொஞ்சம் பிரியாணியும் கொஞ்சம் பெக்கும் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் மது தொடாமல், 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து மறுபடி கொடுங்கள். ஆனால் நான்-ஹெச்டிஎல் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவ்வளவாக ஆடாது. பிரியாணி மேல் முழுப்பழியையும் போட முடியாது.

செக்கு_எண்ணெய்
எண்ணெய் பற்றி: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, நீங்கள் விட்ட பாமாயில் உட்பட. 'தயிரில் எலும்பு இல்லை' என்று போட்டு விற்கிற மாதிரிதான். பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. அந்த வகையில் பாமாயிலை விட்டது நல்லதே. தேங்காய் எண்ணெயில் அது இன்னும் அதிகம்.

நைட்_டியூட்டி
மருத்துவர்தான், ஆனால் உங்கள் மருத்துவர் இல்லை. மூன்று கேள்வி. இடுப்பளவு? சர்க்கரை? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களுக்கு இதய நோய் உண்டா?

கோவைக்காரன்41
இடுப்பு 98 செ.மீ. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.1. அப்பாவுக்கு 52 வயதில் அட்டாக், ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

நைட்_டியூட்டி
அப்பாவைப் பற்றி அந்தக் கால்குலேட்டர் கேட்டதா? கேட்டிருக்காது. அதில் வயதுக்குத்தான் பெரிய எடை, 41 வயது என்றாலே எண் சின்னதாகத்தான் வரும். தந்தைக்கு 55-க்கு முன் அட்டாக் என்பது தனியாகவே ஒரு எச்சரிக்கை. நம் ஆண்களுக்கு இடுப்பு 90-ஐத் தாண்டக் கூடாது. 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஹெச்டிஎல் தாழ்ந்து ட்ரைகிளிசரைடு உயர்ந்திருப்பது நம்மவர்களிடம் சகஜமாகப் பார்க்கும் ஜோடி.

இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறைந்த ரிஸ்க் உள்ளவர்களுக்கே எல்டிஎல் 100-க்குக் கீழ், நான்-ஹெச்டிஎல் 130-க்குக் கீழ் என்றுதான் இலக்கு. நீங்கள் 180.

மறுபரிசோதனையில் தைராய்டு டிஎஸ்ஹெச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது கூடினாலும் எல்டிஎல் கூடும். எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லைப்போபுரோட்டீன் ஏ-யும் ஒருமுறை பாருங்கள். அது பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது, வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் பொதுவாகப் போதும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

இயற்கைவழி
அண்ணா, மாத்திரைக்குப் போகாதீங்க. பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு காய்ச்சி 40 நாள் குடிங்க, அடைப்பே கரைஞ்சிடும்.

நைட்_டியூட்டி
ரசத்தில் பூண்டு தாராளமாகப் போடட்டும். அடைப்பைக் கரைக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள் தம்பி. இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்களை நான்தான் ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்கிறேன்.

கோவைக்காரன்41
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மொத்தம் 209, ஹெச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடு 205, எல்டிஎல் 132. நான்-ஹெச்டிஎல் 173. தைராய்டு சரி. லைப்போபுரோட்டீன் ஏ 68, 50-க்கு மேல் போகக் கூடாதாம். அப்பாவிடமிருந்து வந்திருக்கும் என்றார் இதய டாக்டர், தம்பியையும் பார்க்கச் சொன்னார். கொலஸ்ட்ராலைக் குறைக்க ரோசுவாஸ்டேட்டின் 10 மாத்திரை எழுதியிருக்கிறார். இரவில்தான் போட வேண்டுமா? இரவு ஷிஃப்ட் வாரங்களில் மறந்துபோகும்.

சோதனைக்குழாய்
ரோசுவாஸ்டேட்டினுக்கு நேரக் கணக்கு இல்லை சார். காலையில் பல் துலக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியைக் கேட்டீர்களா?

கோவைக்காரன்41
எட்டாவது வாரம். அந்த வாரம் ஒரு வளைகாப்பு இருக்கிறது, ரத்தம் கொடுத்த பிறகுதான் போவேன்.