வயதான நாய் வளர்த்தவர்கள் எழுதுங்கள்: கதவுக் கீல் பக்கம் நின்ற கறுப்பன்

லிந்தாங் ரோடு:

கறுப்பன் போய் 2 மாதம் ஆகிறது. 14 வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்த நாட்டு நாய். அப்பா பால்மரம் வெட்டப் போகும்போது மோட்டார் சைக்கிள் பின்னாலேயே ஓடும். கடைசி வருடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு முழுக்க நடை, சுவரைப் பார்த்துக் குரைப்பு, வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போவது. நான் விடிகாலை 5 மணிக்கு ஃபேக்டரி பஸ் பிடிக்க வேண்டும். தூக்கம் கெட்ட கோபத்தில் நிறையத் திட்டியிருக்கிறேன். ஒருநாள் துண்டை முறுக்கி அடித்தும்விட்டேன்.

அப்புறம் ஒரு இரவு, மணி 3 இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். பின்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. கதவு திறக்கிற பக்கம் இல்லை, கீல் பக்கம். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. தரையில் ஈரம் இல்லை. அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. தாழ்ப்பாளை எடுத்தேன். கதவு உள்பக்கம் திறந்து அதைச் சுவரோடு ஒதுக்கியது. அப்போதும் மூக்கை அந்த இடுக்கிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்திலேயே வாசல் அகலத் திறந்து கிடக்கிறது, அதற்குத் தெரியவில்லை. கழுத்தைப் பிடித்து மெல்லத் திருப்பி வெளியே கூட்டிப்போனேன். வாழைமரத்தடியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்று ஒன்றுக்குப் போனது.

எத்தனை இரவு அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றதோ. நான் அடித்த அந்த இரவும் அங்கேதான் நின்றிருக்குமோ. இது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஜாலோங் பேத்தி:

அண்ணா, உங்களுடையது தெரியாமல் நடந்தது. நான் என் கையாலேயே கொடுத்தேன். ஜிம்மி, 11 வயது, 7 கிலோதான். பின்னங்கால் மூட்டு வலியில் படி ஏறும்போது முனகும். நமக்கு வலித்தால் போடுகிற பாராசிட்டமோல்தானே என்று 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் 2, இரவில் 2, பிசாங் மாஸ் வாழைப்பழத்தில் வைத்து ஊட்டினேன். மறுநாள் முகம் வீங்கிப்போய் எச்சில் வடிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காப்பி நிறம். ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் எடையைக் கேட்டார், எத்தனை மாத்திரை என்று கேட்டார், அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அன்றிரவே போய்விட்டது.

பழத்தை அவ்வளவு ஆசையாகத் தின்றது. தின்று முடித்து என் விரலையும் நக்கியது.

ஓய்வுபெற்ற டிரசர் (தோட்ட மருத்துவமனை உதவியாளர்):

தங்கச்சி, அழாதீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் அதே மாத்திரையைத்தான் கொடுத்திருப்பார்கள்.

என் கதை சின்னது. டைகருக்கு 13 வயதில் ஒரு காலை எழுந்திருக்கவே முடியவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் இரண்டும் இடமும் வலமுமாகத் துடிக்க, வட்டமடித்து விழுந்தது, வாந்தி எடுத்தது. அக்கம்பக்கம் எல்லாரும் வாதம் அடித்துவிட்டது, கருணை ஊசி போட்டுவிடுங்கள் என்றார்கள். நானும் கிளம்பிவிட்டேன். காதின் உள்ளே சமநிலை பார்க்கிற உறுப்புக் கோளாறு, கிழநாய்களுக்குத் திடீரென்று வரும், பொறுங்கள் என்று டாக்டர் சொன்னார். 3ஆம் நாள் நின்றது. 2 வாரத்தில் நடந்தது. தலை மட்டும் சாய்ந்தபடியே இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

லிந்தாங் தம்பி, கீல் பக்கம் போய் நிற்பது, மூலையில் மாட்டிக்கொண்டு பின்வாங்கத் தெரியாமல் நிற்பது எல்லாம் மூளைத் தளர்ச்சி, மனிதருக்கு வருகிற மறதி நோய் மாதிரி. 2001-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 11, 12 வயது நாய்களில் கால் பங்குக்கு மேலும், 15, 16 வயதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் இதன் அடையாளம் ஒன்றாவது இருந்தது. இரவில் சின்ன விளக்கு ஒன்றை எரிய விடுங்கள், மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள், படுக்கப்போகும் முன் நீங்களே வெளியே கூட்டிப்போங்கள். டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் போடுங்கள், வழுக்கி விழுந்து பயந்த நாய் அப்புறம் நடக்கவே யோசிக்கும். நகம் வெட்டுங்கள். கண் நீலம் பூத்தால் உடனே குருடு என்று நினைக்காதீர்கள், வயதில் விழிவில்லை இறுகுவதால் பெரும்பாலும் அப்படி ஆகும், பார்வை இருக்கும். பால்வெள்ளையாக இருந்தால் புரை, காட்ட வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். 15 கிலோ நாய் ஒரு நாளில் 1.5 லிட்டர் போத்தல் முழுவதையும் குடித்தால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கர்ப்பப்பையில் சீழ் வைத்தாலும் அப்படிக் குடிக்கும், ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மூட்டு வலிக்கு நாய்க்கென்றே மருந்து இருக்கிறது. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயது நோய் இல்லை.

மூணாம் கட்டை:

டிரசர் ஐயா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. கையில் காசும் வீட்டில் காரும் இருக்கிறவர்களுக்கு. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தபோது எங்கள் நாய்கள் மீன் தலையும் சோறும் தின்று, டாக்டர் முகம் பார்க்காமலேயே வாழ்ந்தன.

தோட்டத்தை விற்றார்கள். எங்களுக்கு 4ஆம் மாடியில் அடுக்குமாடி வீடு. நாய் கூடாது என்றார்கள். வெள்ளச்சிக்கு அப்போது 12 வயது, காது கேட்காது. இன்னும் லயத்தில் இருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். 17 நாள் கழித்து அரிசி எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுக் கூரையை ஏற்கெனவே பிரித்துவிட்டார்கள். படிக்கட்டு மட்டும் இருந்தது, அதில் படுத்திருந்தது. நான் வந்தது கேட்டிருக்காது, காற்றில் வாசம் பட்டிருக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தது. ஓடி வரவில்லை. வால் இரண்டு தடவை சிமெண்டில் அடித்தது, அவ்வளவுதான். அப்புறம் தலையை மறுபடி கால்மேல் வைத்துக்கொண்டது.

ஈப்போ மருமகள்:

12 வருடம் காவல் காத்ததை விட்டுவிட்டு வருவதும் ஒரு அனுபவமா? டிரசர் ஐயாவிடம் சண்டைக்கு வருகிறீர்கள். காசு இல்லை என்பதும், விட்டுவிட்டு வந்ததும் ஒன்றில்லை. அங்கேயே ஒரு கூண்டு போட்டாவது...

மூணாம் கட்டை:

சகோதரி, 4 பிள்ளைகளோடு வீடு மாறியவன் நான். கூண்டு போட எனக்கு இடம் யார் கொடுத்தார்கள்? வாரம் இரண்டு தடவை மோட்டாரில் போனேன், 5 மாதம். கடைசியில் ஒருநாள் படிக்கட்டும் இல்லை. அக்கா தன் வீட்டுப் பின்னால் புதைத்ததாகச் சொன்னார். நீங்கள் கேட்கிற கேள்வியை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால்தான் எழுதினேன்.

புதிய உறுப்பினர்:

எல்லோருக்கும் வணக்கம். எழுத வேண்டும் என்று வரவில்லை, படித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் ராஜாவும் ஒரு வாரமாகப் பின்கதவின் கீல் பக்கம் போய் நிற்கிறான். 13 வயது. பிடிவாதம் என்று இவ்வளவு நாள் இழுத்து வந்து படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் நிற்கிறான். வெளியே மழை. குடை எடுத்துக்கொண்டு கூட்டிப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ நாய் டாக்டர் யாராவது திறந்திருப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.