பவர் ஸ்டேரிங் கெட்டியானால் பாக்ஸைக் கழற்றும் முன்…

வண்டி உரிமையாளர், சங்ககிரி:

2008 மாடல், பத்துச் சக்கர லாரி. காலையில் எடுக்கும்போது ஸ்டேரிங் ஒரே கையில் சுற்றுகிறது. லோடோடு ரெண்டு மணி நேரம் ஓடிச் சூடானபின் டோல்கேட், குடோன் வாசல் மாதிரி இடத்தில் ஒடிக்கவே முடியவில்லை. ரேஸ் கொடுத்தால் கொஞ்சம் இளகுகிறது. இடது, வலது ரெண்டும் ஒரே மாதிரிதான். மாதம் அரை லிட்டர் ஆயில் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூடக் கிடையாது. பட்டறையில் ஸ்டேரிங் பாக்ஸ் (ஸ்டேரிங் சுற்றுவதை ஆயில் பலத்தோடு சக்கரத்துக்குக் கடத்தும் பெட்டி) போச்சு, மாத்திடலாம் என்கிறார்கள். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பவர் ஸ்டேரிங் ஃபிட்டர், நாமக்கல்:

அண்ணே, இப்போதைக்கு பாக்ஸில் யாரையும் கை வைக்க விடாதீங்க. நீங்க எழுதினதிலேயே பாதி பதில் இருக்கு. ஸ்டேரிங் எப்போ கெட்டியாகுது என்பதுதான் முதல் கேள்வி.

ஆயில் சூடாகி ஐடிலிங்கில் கெட்டி, ரேஸ் கொடுத்தால் இளகுது என்றால் சந்தேகம் முதலில் பாக்ஸுக்கு ஆயிலை அழுத்தி அனுப்பும் பம்பு மேல்தான். சூட்டில் ஆயில் தண்ணியாகும். தேய்ந்த பம்பில் அது உள்ளுக்குள்ளேயே நழுவிவிடும். வேகமாகச் சுற்றினால் அந்த இழப்பை ஈடுகட்டும், மெதுவாகச் சுற்றும்போது முடியாது. இதற்கு நேர் மாறாக, ஐடிலிங்கில் சுமாராக இருந்து ரேஸ் கொடுத்தால் கெட்டியாகி, கூடவே ‘ஙொய்ய்ய்’ என்று பம்பு அழுதால், ஆயில் உள்ளே வர வழியில்லை என்று அர்த்தம். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் சக்‌ஷன் ஓஸ் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டி என்றால் பம்பைத் தொடவே வேண்டாம். ஒரே பம்பு ரெண்டு பக்கத்துக்கும் தருது, ஒரு பக்கம் மட்டும் எப்படிக் குறையும்? அதுதான் பாக்ஸ் கேஸ்.

கீழே சொட்டாமல் ஆயில் குறைவதற்கும் பதில் பம்பிலேயே இருக்கு. பெரிய வண்டியில் பெரும்பாலும் பம்பு பெல்ட்டில் ஓடுவதில்லை, டைமிங் கேஸ் கியரிலோ ஏர் கம்ப்ரஸர் பின்னாலோ உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் சீல் போனால் ஸ்டேரிங் ஆயில் நேரே இன்ஜின் சேம்பருக்கு (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) போயிடும். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க, ஊற்றாமலே அளவு ஏறியிருக்கா என்று. சில நேரம் தலைகீழாகவும் நடக்கும்: ஸ்டேரிங் டேங்கில் சிவப்பு ஆயில் கறுப்பாகி அளவு கூடியிருக்கும்.

டிரைவர், திருச்செங்கோடு:

பம்புக்குப் போகும் முன் கீழ்ப்பக்கம் பாருங்க. முன் டயரில் காத்து குறைஞ்சாலே கெட்டியாகும், அதைக் கேட்க ஆளில்லாமல் பம்பு மாத்தின வண்டிகள் உண்டு. அடுத்தது கிங்பின், அதாவது முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு முளை. முன் ஆக்ஸிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பாக்ஸில் தொங்கும் டிராப் ஆர்மிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் தள்ளுங்க. லேசாக, ஒரே சீராகத் திரும்பணும். முக்கினால்தான் திரும்புது என்றால் கிங்பின் காய்ந்திருக்கு, இல்லை திரஸ்ட் பேரிங் போச்சு. கிரீஸ் அடிப்பதும் இப்படித் தூக்கி வைத்துத்தான் அடிக்கணும். தரையில் நிற்கும்போது பாரம் ஒரு பக்கமே அமுக்குவதால் அந்தப் பக்கத்துக்கு கிரீஸ் போகாது.

திருப்பத்தில் ஒடிச்சுவிட்டு கையை விட்டால் ஸ்டேரிங் தானாகத் திரும்பி வரலையா? அதற்கும் முதலில் கிங்பின், பால் ஜாயிண்ட், ஸ்டேரிங் தண்டின் யூ.ஜே. கிராஸ் (மடங்கிச் சுழலும் மூட்டு), இந்த மூணும் பார்க்கணும். ஆட்டம் எடுக்கிறேன் என்று பாக்ஸ் மேல் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை யாராவது இறுக்கியிருந்தாலும் திரும்பாது. இது ரொம்பச் சாதாரணமாக நடக்குது.

இன்னொன்று, இந்த நிலையில் இருக்கும் வண்டியை மலைக்கு அனுப்பாதீங்க. திம்பத்தில் 27 கொண்டை ஊசி, கொல்லிமலையில் 70. பவர் போனாலும் ஸ்டேரிங்குக்கும் சக்கரத்துக்கும் இரும்பு இணைப்பு இருக்கத்தான் செய்யும், ஆனால் லோடு வண்டியை அந்த வளைவில் வெறும் கைபலத்தில் ஒடிப்பது ஆகாத காரியம். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைப்பவர்களுக்கும் இதேதான்: பம்பும் நிற்கும், பிரேக்குக்குக் காத்து தரும் கம்ப்ரஸரும் நிற்கும்.

ஸ்பேர்ஸ் கடை, சேலம்:

ஓஸ் பற்றி ஒரு வார்த்தை. சக்‌ஷன் ஓஸுக்குப் பதில் ரேடியேட்டர் ஓஸை வெட்டி மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. அளவு சரியாக உட்காரும், கிளிப்பும் பிடிக்கும். ஆனால் அது தண்ணிக்கான ரப்பர். ஆயில் பட்டால் ஊறிப் பொதபொதவென்று ஆகி, உள்தோல் பிரிந்து வாய் அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஓஸ் புதுசு மாதிரியே இருக்கும். ஆயில் தாங்கும் ஓஸ், முடிந்தால் உள்ளே கம்பிச்சுருள் உள்ளது என்று கேட்டு வாங்குங்க. ரெண்டு முனையிலும் புது கிளிப் போடுங்க. கிளிப் தளர்ந்தால், ஓடும்போது அங்கே ஆயில் வெளியே கசியாது, காத்துதான் உள்ளே போகும். டேங்கில் நுரை கட்டும்.

ஆயில், புத்தகத்தில் போட்டிருப்பதுதான். பெரும்பாலும் சிவப்பு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்). அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றினால் அத்தனை சீலும் ஊதிவிடும், அப்புறம் பாக்ஸையும் பம்பையும் சேர்த்துத்தான் பிரிக்கணும். கியர் ஆயிலும் வேண்டாம்.

ஃபிட்டர், நாமக்கல்:

அடுத்து கேஜ் போடணும். 0–250 பார் மீட்டர், அதோடு ஒரு மூடும் வால்வு. பம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் பிரஷர் லைனில் நடுவே மாட்டணும், வால்வு மீட்டருக்கும் பாக்ஸுக்கும் இடையில் வரணும். ஆயில் 50–60 டிகிரி சூடாகட்டும். ஐடிலிங்கில் வால்வை மூடி மீட்டரைப் பார்த்து, 5 விநாடிக்குள் திறந்துவிடணும். அதற்கு மேல் மூடி வைத்தால் நல்ல பம்பும் வெந்துபோகும். பம்பின் தகட்டில் அதிகபட்ச பிரஷர் பொறித்திருக்கும், ஏறக்குறைய அது வரணும்.

வந்துவிட்டால் பம்பு சுத்தம். இப்போ வால்வைத் திறந்தே வைத்து, ஆக்ஸில் ஸ்டாப்பர் போல்ட்டுக்கும் அது முட்டும் இடத்துக்கும் நடுவே 15–20 மி.மீ. இரும்புத் துண்டு வைத்து, அந்தப் பக்கம் ஒடித்துப் பிடிக்கணும். துண்டு எதற்கு என்றால், சக்கரம் முழுசாக ஒடிந்தால் பாக்ஸுக்குள் இருக்கும் லிமிட் வால்வு திறந்து பிரஷரை இறக்கிவிடும், மீட்டர் தப்பாகக் காட்டும். துண்டைக் கையால் பிடிக்காதீங்க, விரல் போயிடும். ரெண்டு பக்கமும் பாருங்க. வால்வு மூடியபோது வந்த பிரஷரை விட இங்கே ரொம்பக் குறைந்தால் பாக்ஸுக்குள் கசிவு. பிஸ்டன் ரிங்கோ வால்வு ரிங்கோ உடைந்திருக்கும்.

வண்டி உரிமையாளர், சங்ககிரி:

பார்த்தாச்சு. சக்கரம் கையால் லேசாகத் திரும்புகிறது. இன்ஜின் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. தகட்டில் 150 பார். சூட்டில் ஐடிலிங்கில் வால்வை மூடினால் 90 தாண்டவில்லை, ரேஸ் கொடுத்தால் 140 வரை ஏறுகிறது.

ஃபிட்டர், நாமக்கல்:

பம்புதான், சந்தேகமே வேண்டாம். இன்ஜின் ஆயிலையும் மாத்திடுங்க, கலந்த ஆயிலில் ஓட்ட வேண்டாம்.

பம்பைப் பிரிக்கும்போது முதலில் ஆயில் ஓட்டத்தை அளவோடு விடும் ஃப்ளோ வால்வை எடுத்துப் பாருங்க. ஆயில் தடவி ஓட்டையில் விட்டால் தன் பாரத்திலேயே வழுக்கி இறங்கணும். சிக்கினால் ஐடிலிங் பிரஷர் குறைய அதுவும் காரணம். பெட்ரோலில் கழுவுங்க, எமரி போட்டுத் தேய்த்தால் இடைவெளி கூடி வால்வே வீண். அடுத்து கேம் ரிங், அதாவது வேன் என்ற சின்னத் தகடுகள் உரசி ஓடும் வளையம்: உள்பக்கம் நகத்தால் தடவினால் அலை அலையாகத் தட்டுப்படுதா? தட்டினால் ரிங், வேன்கள் செருகியிருக்கும் ரோட்டர், வேன் மூணும் செட்டாக மாத்தணும். வேனை மட்டும் புதுசு போட்டால் பழைய அலையில் சீக்கிரமே தேய்ந்துவிடும். பக்கத் தகடுகளில் கோடு விழுந்திருந்தாலும் அதே கதை.

மாட்டும்போது வேனின் உருண்டை முனை ரிங் பக்கம், வெளியே பார்த்து இருக்கணும். ரிங்கில் அம்புக்குறி இருந்தால் பம்பு சுற்றும் திசையோடு ஒத்துப்போகணும், திருப்பிப் போட்டால் ஆயிலே தராது. இன்ஜின் கியரில் ஓடும் பம்பில் ஷாஃப்ட் சீல் ரெண்டு இருந்தால் முதுகோடு முதுகு வரும்: ஒன்றின் உதடு ஸ்டேரிங் ஆயில் பக்கம், மற்றது இன்ஜின் பக்கம். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது.

பட்டறைக்காரர், கரூர்:

நாமக்கல் அண்ணன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒரு இடம் தவிர. பம்பு அந்த அளவு தேய்ந்திருந்தால் அந்த இரும்புத் தூள் எங்கே போயிருக்கும்? பாக்ஸ் வால்வுக்கும் டேங்குக்கும்தான். பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்க. மினுமினுப்பு தெரிந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவி, ரிட்டர்ன் லைனை பக்கெட்டில் விட்டு, ஒரு லிட்டராவது புது ஆயில் ஓடவிட்டுக் கழித்த பிறகே கோக்கணும். ஃபில்டர் கட்டாயம் புதுசு.

என்றைக்காவது பாக்ஸைக் கழற்ற வேண்டி வந்தால், டிராப் ஆர்மையும் அது மாட்டியிருக்கும் செக்டார் ஷாஃப்டையும் சேர்த்துக் குறி போட்டுவிட்டு புல்லர் வைத்துத்தான் எடுக்கணும். சம்மட்டி போட்டால் அடி நேரே செக்டார் ஷாஃப்ட் பேரிங்கில் இறங்கும், கேஸ் தீ வைத்துக் காய்ச்சினால் ஆயில் சீல் கருகும். சீல் கிட் போட்டும் கசியும் பாக்ஸ்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பேன்.

ஃபிட்டர், நாமக்கல்:

சரிதான், கழுவித்தான் மாட்டணும்.

ஏர் எடுப்பது இப்படி: டேங்கை நிரப்பி, இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்து, இன்ஜின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடிக்கணும். ஆயில் சரசரவென்று இறங்கும், ஒருத்தர் ஊற்றிக்கொண்டே நிற்கணும். டேங்க் காலியானால் மறுபடி காத்து இழுத்துக்கொள்ளும். வண்டிக்கு ஏற்ப 3 முதல் 5 லிட்டர் கையில் இருக்கட்டும். இறங்குவது நின்றபின் ஸ்டார்ட் செய்து, முன் ஆக்ஸில் தூக்கிய நிலையில், ஐடிலிங்கில் மெதுவாக ரெண்டு பக்கமும் ஒடிக்கணும், குமிழ் வருவது நிற்கும்வரை. கடைசி முனையில் அழுத்திப் பிடிக்கக் கூடாது. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு டேங்கைப் பாருங்க. ஆயில் 1–2 செ.மீ. ஏறினால் பரவாயில்லை. அதற்கு மேல் பொங்கினால் உள்ளே இன்னும் காத்து இருக்கு. சக்‌ஷன் கிளிப்பை இறுக்கிவிட்டு மறுபடி ஒடிங்க.