அனாக்சிக் தொட்டிக்குத் தமிழில் என்ன பெயர்?

அண்ணா, வணக்கம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இல்லாமல் நைட்ரேட் மட்டும் இருக்கும் நிலையை அனாக்சிக் என்கிறோம். அதற்கு நீங்கள் சொன்ன ‘பிணைவளி நிலை’ அழகான சொல். ஆக்சிஜன் தண்ணீரில் கரைந்திருந்தால் கரைவளி, வேதிப்பிணைப்பில் இருந்தால் பிணைவளி, இரண்டும் இல்லாவிட்டால் வளியிலா நிலை. பள்ளியில் சகப்பிணைப்பு படித்த பிள்ளைக்கும் சட்டென்று புரியும். ஆனாலும் திருப்பூர்ச் சாயக்கழிவை வைத்துப் பார்த்தால் அது இடறுகிறது.

சாயம் துணியில் ஏற இங்கே சாதா உப்போ கிளாபர் உப்போ போடுகிறார்கள். கிளாபர் உப்பு சோடியம் சல்பேட். சல்பேட்டிலும் ஆக்சிஜன் பிணைந்துதானே இருக்கிறது? தொட்டியில் நைட்ரேட் இருக்கும்வரை நுண்ணுயிர்கள் அதை எடுத்துச் சுவாசிக்கும். அதில்தான் ஆற்றல் கூடுதல். நைட்ரேட் தீர்ந்துபோனால் சல்பேட்டைப் பிடிக்கும் வேறொரு கூட்டம் தலையெடுக்கும். மிக்சர் சுற்றும் இடத்தில் அழுகின முட்டை நாற்றம் கிளம்பினால் கதை அங்கே போய்விட்டது என்று ஆபரேட்டருக்குத் தெரியும். அதைத் துறையில் யாரும் அனாக்சிக் என்பதில்லை, அனேரோபிக், அதாவது வளியிலா நிலை, கணக்கில்தான் சேர்ப்பார்கள். ‘பிணைவளி’ இரண்டையும் உள்ளே விட்டுவிடுகிறது.

‘காற்றில்லாத் தொட்டி’ என்று பொதுவாக எழுதுவது இதைவிட மோசம். அப்படிப் பலகை மாட்டினால், காற்று ஊதி அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் காற்றுத் தொட்டியிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவரும் ரீசர்குலேஷன் பம்ப் எதற்கு ஓடுகிறது என்று புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு எப்படித் தெரியும்? அவன் பம்பை நிறுத்தினால் நைட்ரேட் இந்தத் தொட்டிக்கு வந்து சேராது, ஸ்லட்ஜை (கசடை) அடியில் படியவிடும் கிளாரிஃபையருக்கு நேராகப் போகும். அங்கே அடியில் படிந்த ஸ்லட்ஜுக்குள் நைட்ரஜன் குமிழ் பிடித்து, கட்டி கட்டியாக மேலே மிதக்கும். பெயர் பிசகினால் வேலையும் பிசகும்.

அதனால் நான் ‘நைட்ரேட்டுவளி நிலை’ என்று முன்வைக்கிறேன். எந்த வளி என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. பிரிண்டிங் பேஸ்ட்டில் போடும் யூரியா கழிவுநீரில் அம்மோனியாவாகிறது. அதில் 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க ஏறக்குறைய 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அத்தனையும் ப்ளோயர் ஓட்டி, கரண்ட் பில் கட்டி ஊதுவது. அந்த நைட்ரேட்டை அனாக்சிக் தொட்டிக்குத் திருப்பினால், 2.86 கிராம் ஆக்சிஜன் செய்யும் வேலையை அதுவே செய்துவிடும். கழிவிலுள்ள கரிமப்பொருளும் அந்த அளவுக்குக் குறையும். காசு கொடுத்து ஊதிய வளி நைட்ரேட்டில் ஏறி மறுபடி கைக்கு வருகிறது. அதைச் சொல்லாத பெயரை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பாதி தமிழ், பாதி வேற்றுச்சொல் என்று சிலர் குறை சொல்லலாம். நைட்ரேட் நம் பாடப்புத்தகத்திலும் உரக்கடையிலும் புழங்குகிற சொல்தான், விடலாம். நைட்ரேட்டைவிட ஓர் ஆக்சிஜன் குறைந்த நைட்ரைட்டும் இதில் அடங்குமே என்று கேட்டால், அடங்கும். விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கரைவளி நிலை, வளியிலா நிலை இரண்டையும் நீங்கள் சொன்னபடியே வைத்துக்கொள்வோம். நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரஜன் வாயுவாக்கும் டீநைட்ரிஃபிகேஷனுக்கு ‘நைட்ரஜன் நீக்கம்’ என்று எழுதிவருகிறோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து நைட்ரஜன் வாயுவாகும் அனமாக்ஸ் வழியிலும் நைட்ரஜன் நீங்கத்தான் செய்கிறது, அதனால் அது பொதுப்பெயராக இருக்கட்டும். டீநைட்ரிஃபிகேஷனுக்கு மட்டும் ‘நைட்ரேட் ஒடுக்கம்’ (வேதியியலில் ரிடக்ஷன் என்ற பொருளில்) சரியாக வருமா? ஈரோட்டுத் தோல் கழிவில் வேலை பார்க்கிறவர்களையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் அண்ணா.